புள்ளியும் கோலமும்: நாவலாசிரியரின் வரைபடங்கள் குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, கவிதை குறித்தே எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். வட்டத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கவிஞர்கள். நம் கூட்டங்களில் அரங்கேறியவற்றுள் பெரும்பகுதி கவிதையே. ஆயினும் இந்த அவைக்கு நான் செலுத்தாமல் வைத்திருக்கும் கடன் ஒன்று உண்டு. முதலாண்டுக் கூட்டமொன்றில், "ஒரு நாவல் எழுதப் போகிறேன், அடுத்த ஆண்டு இங்கேயே அதன் முதல் அத்தியாயத்தைப் படிப்பேன்" என்று துணிந்து சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டு வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. நாவல் மட்டும் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்று ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை. இதனை வரலாறு என்றும் கொள்ளலாம். காலந்தாழ்ந்து வரும் ஒரு விளக்கம் என்றும் கொள்ளலாம்.

நான் எழுத எண்ணியது ஒரு நெசவாளர் தெருவின் மூன்று தலைமுறைக் கதை. மாந்தர் பலர், ஆண்டுகள் எழுபதுக்கு மேல். எனவே முறையாகத் திட்டமிட வேண்டும் என்று கருதி, நாவல் அமைப்பதற்கென்றே வந்திருக்கும் கணினி மென்பொருள் ஒன்றைக் கைக்கொண்டேன். இத்தகைய மென்பொருள்களின் அமைப்பு எளிது. திரையில் இடமிருந்து வலமாக அத்தியாயங்கள். மேலிருந்து கீழாகக் கதையிழைகள். ஒவ்வோர் இழைக்கும் ஒரு நிறம். அத்தியாயமும் இழையும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் அட்டை. அந்த அட்டையில் காட்சியின் சுருக்கம். அட்டை பிடிக்கவில்லையென்றால் இழுத்துச் சென்று வேறு கட்டத்தில் விட்டுவிடலாம். மாந்தர்க்கு ஒரு பட்டியல், இடங்களுக்கு ஒரு பட்டியல், நிகழ்ச்சிகளுக்கு ஓர் ஆண்டுவரிசை என எல்லாவற்றுக்கும் இடமுண்டு. இரண்டாண்டுகள் உழைத்து 64 அட்டைகளையும் ஏழு நிறங்களையும் நிரப்பினேன். பார்க்க அது ஒரு பட்டுச் சேலையின் முந்தானை போலவே இருந்தது. நாவலின் முதல் வாக்கியம் மட்டும் எழுதப்படவில்லை.

ஒரு மாலையில் வட்டத்தின் இளங்கவிஞர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்திருந்தார். திரையை அவருக்குப் பெருமிதத்துடன் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "ஐயா, இந்த 64 அட்டைகளில் உங்களுக்கே விடை தெரியாத அட்டை எது?" என்று கேட்டார். நான் தேடிப் பார்த்தேன். அப்படி ஓர் அட்டையும் இல்லை. எல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்ததையே மீண்டும் 400 பக்கங்களுக்கு எழுத யாருக்குத்தான் மனம் வரும்?

அந்தக் கேள்விதான் என்னைப் பழைய ஆசிரியர்களின் மேசைகளை நோக்கித் திருப்பியது. கணினி வருவதற்கு முன் நாவலாசிரியர்கள் தம் கதைகளை எவ்வாறு வரைந்து பார்த்தனர்? எப்போது வரைந்தனர்? வரைந்ததற்குக் கட்டுப்பட்டனரா? இம்மூன்று வினாக்களையும் கையில் பிடித்துக்கொண்டு சில இல்லங்களுக்குள் நுழைவோம்.

ஒரு கோணல் கோடு

கதையின் போக்கைக் கோடாக வரைந்து வாசகர்க்குக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் லாரன்ஸ் ஸ்டெர்ன் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். 1759 முதல் 1767 வரை ஒன்பது தொகுதிகளாக வெளிவந்த 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி' நாவலில், தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லப் புகுந்த கதாநாயகன் எதையும் நேராகச் சொல்வதில்லை. ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் வேறொன்று நினைவுக்கு வரும். அதிலிருந்து மற்றொன்று கிளைக்கும். ஆறாம் தொகுதியின் இறுதி அத்தியாயத்தில் அவன் தன் முந்தைய தொகுதிகளின் போக்கைக் கோடுகளாக வரைந்து காட்டுகிறான். அவை வளைந்தும் நெளிந்தும், முன்னோக்கிப் போய்ப் பின்னோக்கித் திரும்பியும், சுழித்தும் செல்கின்றன. இனி நேர்க்கோட்டில் எழுத முயல்வேன் என்று சொல்லி, ஒரு நேர்க்கோட்டையும் வரைகிறான். ஆனால் மீதமுள்ள தொகுதிகளும் நேர்க்கோட்டில் செல்லவில்லை.

இங்கே கருதத்தக்கது ஒன்று. கதைகள் வளைந்து செல்ல வேண்டும் என்று திட்டமிடுவதற்காக ஸ்டெர்ன் இக்கோடுகளை வரையவில்லை. எழுதி முடித்த தொகுதிகளைத் திரும்பிப் பார்த்து, கால்தடங்களை அளப்பது போல் வரைந்தார். வரைபடம் பயணத்துக்குப் பின் வந்தது.

டிக்கன்ஸின் இடப்பாதி

சார்லஸ் டிக்கன்ஸின் நிலை வேறு. அவருடைய பெருநாவல்கள் பல, மாதமொன்றுக்கு 32 பக்கங்களாக, இருபது பகுதிகளாக வெளிவந்தவை. இறுதி இரு பகுதிகள் சேர்ந்து ஒரே இதழாக வருவதால் 19 மாதங்களில் கதை முடியும். முதல் பகுதி அச்சேறி மக்கள் கைக்குப் போய்விட்டபின் அதைத் திருத்த வழியில்லை. விவேக சிந்தாமணியில் 1893 முதல் ராஜமையர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' தொடங்கி, நம் வார இதழ்களின் தொடர்கதைகள் வரை அறிந்த தமிழ் வாசகர்க்கு இந்த நெருக்கடி புதிதன்று.

1846-இல் தொடங்கிய 'டோம்பி அண்ட் சன்' முதலாக, டிக்கன்ஸ் ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளில் குறிப்பெழுதுவதை ஒழுங்கான வழக்கமாக்கிக்கொண்டார். தாளை அகலவாக்கில் வைத்து இரண்டாகப் பகுப்பார். வலப்பாதியில் அத்தியாயங்களின் எண்ணும் தலைப்பும் நிகழ்ச்சிகளும் இருக்கும். இடப்பாதியில் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட நினைவூட்டல்கள் இருக்கும். இத்தாள்களில் பல, அவருடைய கையெழுத்துப் படிகளோடு, இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஜான் பட், கேத்லீன் டிலட்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1957-இல் வெளியிட்ட நூல், இத்தாள்களைக் கொண்டு டிக்கன்ஸின் தொழிற்கூடத்தை நமக்குத் திறந்து காட்டியது.

என்னைப் பெரிதும் கவர்ந்தது அந்த இடப்பாதியே. அங்கே டிக்கன்ஸ் முடிவுகளை மட்டும் எழுதவில்லை, கேள்விகளை எழுதினார். இந்த மாதம் இன்னாரைக் கொண்டுவரலாமா? இவ்விருவரும் இப்போது சந்திக்க வேண்டுமா? இந்தச் சாவு இங்கேயே நிகழலாமா? என்ற வகையில் கேட்டு, பின்னர் அக்கேள்விகளுக்குப் பக்கத்தில், ஆம் என்றோ, இல்லை என்றோ, இப்போது வேண்டா என்றோ விடையெழுதினார். வலப்பாதியிலும் சில குறிப்புகள் அத்தியாயத்தை எழுதி முடித்தபின் நிரப்பப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எனவே ஒரே தாள், ஒரு புறம் எதிர்காலத்தை நோக்கிய விசாரணையாகவும், மறுபுறம் கடந்தவற்றின் கணக்காகவும் பயன்பட்டிருக்கிறது.

1870 ஜூன் 9 அன்று டிக்கன்ஸ் மறைந்தபோது 'எட்வின் ட்ரூட்' நாவல், திட்டமிட்ட 12 பகுதிகளில் ஆறோடு நின்றது. அதற்கும் குறிப்புத் தாள்கள் இருந்தன. ஆனால் அவற்றைக் கொண்டு அந்நாவலின் மர்மத்தை ஐயமற அவிழ்க்க இன்றுவரை எவராலும் இயலவில்லை. திட்டத்தாளை நாவலுக்கு மாற்றாக வைக்க முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மரத்தில் இல்லாத கிளை

வரைபடத்தில் நம்பிக்கை மிகுந்தவர் என்று சொல்ல வேண்டுமாயின், பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் சோலாவைச் சொல்ல வேண்டும். ஒரே குடும்பத்தின் பல கிளைகளைத் தொடர்ந்து செல்லும் நாவல் வரிசையொன்றை 1860-களின் இறுதியில் அவர் திட்டமிட்டார். பத்து நாவல்கள் என்று தொடங்கிய திட்டம், 1871 முதல் 1893 வரை இருபது நாவல்களாக வளர்ந்தது. பாரம்பரியக் குணங்கள் தலைமுறைகள் வழியே இறங்கும் முறை பற்றி அக்கால மருத்துவ நூல்களைப் படித்து, அக்குடும்பத்துக்கு ஒரு வம்ச மரத்தை வரைந்தார். 1878-இல் வெளியிட்ட நாவலொன்றோடு அம்மரத்தை வாசகர்க்கு அச்சிட்டும் கொடுத்தார். இனி மாற்றமில்லை என்று கையெழுத்திட்டதற்கு ஒப்பான செயல் அது.

ஆனால் நடந்தது வேறு. அம்மரத்தில் எத்தியேன் என்னும் மகனுக்குக் கொலைவெறி பாரம்பரியமாக இறங்குவதாகத் திட்டம். அந்த எத்தியேனையே 1885-இல் வெளிவந்த 'ஜெர்மினல்' நாவலில் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின் தலைவனாக்கினார் சோலா. அதற்காக 1884-இல், வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஆன்சேன் சுரங்கப் பகுதிக்கே நேரில் சென்று வந்தார். எத்தியேன் வாசகர் மனத்தில் வேறு மனிதனாகிவிட்டபின், அவனை எப்படிக் கொலைகாரனாக்குவது? எனவே 1890-இல் வந்த 'லா பெத் யூமேன்' நாவலுக்காக, ஜாக் என்றொரு புதிய சகோதரனை உண்டாக்கினார். 1878-இன் மரத்தில் ஜாக் இல்லை. 1893-இல் வெளியிட்ட திருத்திய மரத்தில் இருக்கிறான். அச்சாகிவிட்ட மரத்திலும் கதையின் பொருட்டு ஒரு கிளையை ஒட்டவைக்கத் தயங்காத ஆண்மை சோலாவுக்கு இருந்தது. தன் வரைபடத்தையே வணங்கியிருந்தால் நமக்கு எத்தியேன் கிடைத்திருக்க மாட்டான்.

இதே நூற்றாண்டில் ஜெர்மனியில் குஸ்தாவ் ஃபிரைடாக் 1863-இல் நாடக நுட்பம் பற்றி ஒரு நூல் எழுதினார். கிரேக்க நாடகங்களையும் ஷேக்ஸ்பியரையும் ஆராய்ந்து, தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், அழிவு என்னும் ஐந்து நிலைகளை ஒரு கூம்பு வடிவில் காட்டினார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் ஐவகைச் சந்திகளை நாடகத்துக்குச் சொன்ன நம் மரபை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. வியப்பளிப்பது பிற்கால வரலாறு. ஐந்தங்கத் துன்பியல் நாடகத்தை விளக்க வரைந்த அந்தக் கூம்பு, நாளடைவில் எல்லாக் கதைகளுக்கும் பொது அச்சாகக் கற்பிக்கப்பட்டது. இன்றைய மென்பொருள்கள் சிலவற்றைத் திறந்தால், கதை எழுதுமுன்பே அத்தகைய அச்சொன்று ஆயத்தமாகக் காத்திருக்கிறது. ஆய்வாளன் பின்னால் நின்று கண்டதை எழுத்தாளன் முன்னால் நின்று நிரப்ப வேண்டியதாயிற்று.

சுவரும் சுவர்த்தாளும்

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' 1922-இல் வெளிவந்தது. அதன் பதினெட்டு பகுதிகளுக்கும் நேரம், உடலுறுப்பு, கலை, நிறம், குறியீடு எனப் பத்திகளாக வகுத்த அட்டவணை புகழ்பெற்றது. அதை வைத்துக்கொண்டே ஜாய்ஸ் நாவலை எழுதத் தொடங்கினார் என்று நெடுங்காலம் நானும் எண்ணியிருந்தேன். ஆனால் கார்லோ லினாட்டி என்னும் இத்தாலிய நண்பருக்கு அவர் அட்டவணையை அனுப்பியது 1920-இல். அப்போது நாவலின் பெரும்பகுதி எழுதப்பட்டிருந்தது. மற்றோர் அட்டவணையை ஸ்டூவர்ட் கில்பர்ட் தம் நூலில் 1930-இல் வெளியிட்டார். ஜாய்ஸ் அவ்வட்டவணையைப் பிறர்க்கு வழிகாட்டவும், எழுதியதை மேலும் செறிவாக்கவும் பயன்படுத்தினார் என்பதே பொருத்தம்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் சிற்றூரில் வில்லியம் ஃபாக்னரின் இல்லம் இருக்கிறது. ரோவன் ஓக் என்பது அதன் பெயர். அங்கே அவர் எழுதிய அறையின் சுவரில், 'எ ஃபேபிள்' நாவலின் நிகழ்ச்சிகள் திங்கள், செவ்வாய் எனக் கிழமை வாரியாக அவர் கையெழுத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. முதல் உலகப் போரில் ஒரு வாரத்துக்குள் நடந்து முடியும் கதை அது. அந்நாவலோடு அவர் 1940-களின் நடுப்பகுதி முதலே போராடினார். சுவரில் எழுதியது 1950-களின் தொடக்கத்தில். நூல் வெளிவந்தது 1954-இல். பல ஆண்டுகள் எழுதிக் குவித்தவை கைக்கடங்காமல் போனபோதுதான் அவருக்குச் சுவர் தேவைப்பட்டது. 1955-இல் அந்நாவல் புலிட்சர் பரிசு பெற்றது. இன்று அவ்வில்லம் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் காப்பில் ஓர் அருங்காட்சியகமாக விளங்குகிறது. சுவரும் அப்படியே நிற்கிறது.

குர்ட் வானகட்டின் கதை நெஞ்சைத் தொடுவது. 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவர் அங்கே போர்க் கைதியாக இருந்தார். நிலத்தடி இறைச்சிக் கிடங்கொன்றில் அடைபட்டிருந்ததால் உயிர் தப்பினார். அந்த அனுபவத்தை நாவலாக்க அவருக்கு 24 ஆண்டுகள் ஆயின. 1969-இல் வந்த 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' நாவலின் முதல் அத்தியாயத்தில், அக்கதைக்காக வரைந்த திட்டமொன்றைப் பற்றிச் சொல்கிறார். ஒரு சுவர்த்தாள் சுருளின் பின்புறத்தில், தம் மகளின் வண்ணக் குச்சிகளைக் கொண்டு ஒவ்வொரு மாந்தர்க்கும் ஒவ்வொரு நிறத்தில் கோடு இழுத்தாராம். நடுவே நகரம் எரிந்த இடம் செம்மஞ்சள் பட்டையாக நின்றது. அதற்குள் நுழைந்து மறுபுறம் வெளிவந்த கோடுகளே உயிர் பிழைத்தவர்கள்.

இன்றைய மென்பொருளின் பல நிறக் கதையிழைகளுக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி வேறில்லை. ஆனால் வாசகர் கையில் கிடைத்த நாவல் அந்தச் சுருளைப் பின்பற்றவில்லை. அதன் நாயகன் காலத்தில் முன்னும் பின்னும் தூக்கி எறியப்படுகிறான். நேராக இழுத்த கோடுகளால் அந்த நெருப்பைச் சொல்ல முடியாது என்று வானகட் கண்டுகொண்டார் போலும். சுருள் வீணாயிற்று என்று சொல்லமாட்டேன். எது தம்மால் இயலாது என்பதை அவருக்குக் காட்டியது அதுதான்.

குதிரையின் நடை

திட்டம் முழுமையாக முன்வந்து, அதற்கு இணங்கவே எழுதப்பட்ட பெருநாவல் உண்டா எனில், உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 1978-இல் வெளியிட்ட 'லா வீ மோத் தாம்ப்ளுவா' அத்தகையது. பாரிஸ் நகரின் அடுக்குமாடிக் கட்டடமொன்றின் முன்சுவரை நீக்கிவிட்டுப் பார்ப்பது போன்ற அமைப்பு. கட்டடம் பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள். சதுரங்கக் குதிரை ஒரு கட்டத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் நூறையும் சுற்றிவரும் வழியே அத்தியாயங்களின் வரிசை. ஒவ்வோர் அத்தியாயத்திலும் இடம்பெற வேண்டிய 42 கூறுகளையும் முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்தார்.

கவிஞர் பெருமக்களுக்கு இந்தக் குதிரை புதிதன்று. பதினான்காம் நூற்றாண்டில் வேதாந்த தேசிகர் திருவரங்கத்தில் இயற்றிய 'பாதுகா சகஸ்ரம்' என்னும் வடமொழி நூலில், சித்திரக் கவிகள் அடங்கிய பகுதியில், அடுத்தடுத்த இரு சுலோகங்கள் உள்ளன. முதற் சுலோகத்தின் 32 எழுத்துகளை எட்டுக்கு நான்காகக் கட்டங்களில் இட்டு, குதிரை நடையில் படித்தால் இரண்டாம் சுலோகம் தோன்றும். நாகபந்தமும் தேர்க்கவியும் பாடிய நம் புலவர்கள் வரைபடத்துக்குள் கவிதையை நிறுத்தும் வித்தையை அறிந்தவர்களே.

ஆனால் பெரெக்கின் நூலில் நுட்பமானது வேறு. நூறு கட்டங்கள் இருந்தும் நாவலில் 99 அத்தியாயங்களே உள்ளன. கட்டடத்தின் இடப்புறக் கீழ்மூலையிலுள்ள நிலவறைக்கு அத்தியாயமில்லை. 65ஆம் அத்தியாயத்தின் இறுதியில், ஒரு தகரப் பெட்டியின் மூடியில் ஒரு சிறுமி தன் பிஸ்கட்டின் மூலையைக் கடிப்பது போன்ற படம் வருகிறது. அடுத்து வரவேண்டிய கட்டம் காணாமல் போகிறது. அத்தனை கட்டுப்பாடுகளையும் விதித்துக்கொண்டவர், ஓர் ஓட்டையையும் வேண்டுமென்றே விட்டார். முழுமையான திட்டம் மூச்சுவிட இடம் தராது என்பதை அவர் அறிந்திருந்தார்.

திரைக்கு வந்த அட்டை

விளாதிமிர் நபோக்கவ் தம் நாவல்களைச் சிறு குறிப்பட்டைகளில் எழுதியவர். நாவலின் எந்த இடத்தையும் எப்போதும் எழுதலாம்; பின்னர் அடுக்கி வரிசைப்படுத்தலாம். 1977-இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாத ஒரு நாவலின் 138 அட்டைகள் எஞ்சின. அவற்றை எரித்துவிடச் சொல்லியிருந்தார், குடும்பத்தார் எரிக்கவில்லை. 2009-இல் அவை 'தி ஒரிஜினல் ஆஃப் லாரா' என்னும் பெயரில் நூலாயின. அட்டைகள் இருந்தன; அவற்றை அடுக்கும் கை இல்லை.

இந்த அட்டையே பின்னர் கணினித் திரையில் குடியேறியது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் நடத்திய புகழ்பெற்ற செயல்விளக்கத்தில், எழுத்தைத் தலைப்பும் உட்தலைப்புமாக விரித்தும் மடக்கியும் காட்டினார். 1983-இல் டேவ் வைனரின் நிறுவனம் 'திங்க்டேங்க்' என்னும் மென்பொருளை வெளியிட்டு, அவ்வசதியைச் சிறு கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 1986-இல் வந்த 'மோர்', அத்தகைய உட்தலைப்புப் பட்டியலை மரவடிவப் படமாக மாற்றியது. 1987-இல் ஜே டேவிட் போல்ட்டர், மைக்கேல் ஜாய்ஸ் முதலியோர் 'ஸ்டோரிஸ்பேஸ்' என்னும் கருவியை அறிமுகம் செய்தனர். அதில் கதைத் துண்டுகள் பெட்டிகளாகவும் அவற்றிடை இணைப்புகள் கோடுகளாகவும் தோன்றின. அதைக் கொண்டு மைக்கேல் ஜாய்ஸ் எழுதிய 'ஆஃப்டர்நூன்' கதையில் 539 துண்டுகள் உண்டு. வாசகர் தேர்ந்த வழிக்கேற்பக் கதை மாறும். அங்கே வரைபடமே நூலாயிற்று.

1994-இல் வந்த 'டிரமாட்டிகா', கதை பற்றிய ஒரு முழுக் கோட்பாட்டையே மென்பொருளாக்கி, எழுத்தாளரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டது. 2007-இல் இங்கிலாந்தின் கீத் பிளவுண்ட் உருவாக்கிய 'ஸ்க்ரிவனர்' வெளிவந்தது. அதில் அறிவிப்புப் பலகையில் ஊசியால் குத்தியது போன்ற அட்டைகள் தோன்றும்; ஒவ்வோர் அட்டையும் அந்தந்தப் பகுதியின் எழுத்தோடு பிணைந்திருக்கும். அதன்பின் 'பிளாட்டர்' போன்றவை, நான் மேலே சொன்ன நிற இழைகளையும் கட்டங்களையும் கொண்டுவந்தன. 2003-இல் வெளிவந்த ஐந்தாம் ஹாரி பாட்டர் நாவலுக்காக ஜே. கே. ரௌலிங் கோடிட்ட தாளில் கையால் வரைந்த அட்டவணையைப் பார்த்தவர்கள், அத்தியாயம் ஒரு திசையிலும் கதையிழை மறு திசையிலும் நிற்கும் அதே அமைப்பை அங்கே காண்பர். மென்பொருள் எதையும் புதிதாகக் கற்பிக்கவில்லை. எழுத்தாளர் கைவழக்கத்தையே கண்ணாடிக்குள் வைத்தது.

கருவியைப் பழிப்பது என் நோக்கமன்று. என் கதையில் தாத்தா தலைமை தாங்கும் கைத்தறிப் போராட்டத்தின்போது அவருக்கு வயது ஒன்பதுதான் ஆகிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஆண்டுவரிசைதான். பல தலைமுறைக் கதை எழுதுவோர்க்கு அது செய்யும் உதவி பெரிது. ஆனால் இரண்டு செய்திகளில் அது தாளினின்றும் சுவரினின்றும் வேறுபடுகிறது.

ஒன்று, திரையிலுள்ள வெற்றுக் கட்டம் நிரப்பப்பட வேண்டிய குறையாகத் தோன்றுகிறது. டிக்கன்ஸின் தாளில் கேள்வி கேள்வியாகவே நிற்க இடமிருந்தது. என் திரையிலும் கேள்விகளை எழுதியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. எனினும் கட்டங்களின் ஒழுங்கு என்னை விடைகளையே எழுதத் தூண்டியது. அட்டைகளை இடம் மாற்றும் எளிமை, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்ற மயக்கத்தையும் தந்தது. மற்றொன்று, திரையில் அடித்தல் திருத்தல் பெரும்பாலும் தங்குவதில்லை. டிக்கன்ஸ் மனம் மாறிய இடத்தை இன்றும் நாம் பார்க்கிறோம். சோலாவின் இரு மரங்களையும் ஒப்பிடுகிறோம். என் அட்டைகள் எத்தனை முறை இடம் மாறின என்பது எனக்கே தெரியாது. எழுத்தின் வரலாறு எழுதுவோர்க்கு இது சிறிய இழப்பன்று.

முடிவாக

மூன்று வினாக்களோடு தொடங்கினோம். எப்படி வரைந்தனர் என்பதற்கு விடை பலவிதம்: கோடு, தாள், மரம், சுவர், சுருள், கட்டம், அட்டை. எப்போது வரைந்தனர் என்பதற்கு விடை, எழுதுமுன் மட்டும் அன்று. எழுதும்போதும், எழுதிய பின்னும். கட்டுப்பட்டனரா என்பதற்கு விடை, கதை கேட்டபோது வரைபடத்தை வளைத்தனர். வளைக்க விரும்பாதவரும் ஒரு மூலையைக் கடித்து வைத்தார்.

கவிஞர்க்கு இதைச் சொல்ல மேனாட்டுச் சான்றுகள்கூட வேண்டா. முதல், கரு, உரி என ஐந்திணைக்கும் பாடநூல்கள் அட்டவணை தருகின்றன. அதை மனப்பாடம் செய்த மாணவர் எல்லாரும் கவிஞராகிவிடவில்லை. அந்த இலக்கணமும் திணை மயக்கத்துக்கு இடம் தந்தே வைத்தது. வாசலில் சிக்குக் கோலம் இடும் பெண்கள் முதலில் புள்ளிதான் வைக்கிறார்கள். ஆனால் இழை புள்ளியின்மேல் போவதில்லை. புள்ளியைச் சுற்றி வளைந்து போகிறது. நான் 64 புள்ளிகளை வைத்துவிட்டு, அதையே கோலம் என்று இரண்டாண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இளங்கவிஞர் கேட்ட கேள்விக்குப் பின், அட்டைகளில் பதினொன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அவற்றிலிருந்த சுருக்கங்களை நீக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதினேன். இதுவரை நான்கு அத்தியாயங்கள் எழுதியிருக்கிறேன். பாட்டியின் சாவு மூன்றாம் அத்தியாயத்தில் வரவேண்டும் என்பது பழைய திட்டம். அந்த அட்டையின் கேள்விக்குப் பக்கத்தில் மூன்று முறை "இப்போது வேண்டா" என்று எழுதி, தேதியும் இட்டு வைத்திருக்கிறேன். அவள் இன்னும் தறியருகே நூல் சுற்றிக்கொண்டிருக்கிறாள்; ஏதோ ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று எனக்குப் படுகிறது.

பத்தாண்டு நிறைவு விழாவில் முதல் அத்தியாயத்தைப் படிக்க அவையினர் எனக்கு இருபது நிமிடங்கள் தந்தருள வேண்டுகிறேன். கடனில் ஒரு பகுதியாவது தீரட்டும். நம் வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் வளர்க. அதன் கூட்டங்களில் விடைகளோடு கேள்விகளும் பெருகுக.